கீசரை அணைக்க வைப்பது எப்படி?

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ் பக்கம் பல வீடுகளில் ஒரு சின்ன ப்ரீபெய்ட் மீட்டர் உண்டு. கடையிலோ கைப்பேசியிலோ மின்சாரம் வாங்கினால் 20 இலக்க எண் ஒன்று கிடைக்கும். அதை மீட்டரில் தட்டியதும் யூனிட் ஏறும். அப்புறம் கண்ணெதிரே குறைந்துகொண்டே வரும். நம் வீட்டுப் பழக்கங்களை மாற்றுவதில் எத்தனையோ அறிவுரைகளைவிட இந்தப் பெட்டிக்குச் சக்தி அதிகம்.

கேப் டவுனில் 4,000-க்கும் மேற்பட்ட வாடிக்கையாளர்களின் மாதாந்திர பில் முறையை ப்ரீபெய்டுக்கு மாற்றி, விளைவை ஆய்வாளர்கள் அளந்து பார்த்தார்கள். மின்சாரப் பயன்பாடு ஏறத்தாழ 14 விழுக்காடு குறைந்திருந்தது.

ஏன் குறைகிறது? மாதக் கடைசியில் வரும் பில், விருந்தாளி சாப்பிட்டுப் போன பிறகு குழம்பில் உப்பு பார்ப்பது மாதிரி. முப்பது நாள் செலவும் ஒரே தொகையாக வருகிறது. அதில் கீசருக்கு எவ்வளவு, இஸ்திரிப் பெட்டிக்கு எவ்வளவு என்று யாருக்கும் தெரியாது. மீட்டர் அப்படியில்லை, செயலையும் செலவையும் பக்கத்தில் பக்கத்தில் வைக்கிறது. 3 கிலோவாட் கீசர் ஒரு மணி நேரம் தண்ணீரைச் சூடாக்கினால் 3 யூனிட் போய்விடும். 9 வாட் எல்.இ.டி. பல்பு அதே 3 யூனிட்டைச் செலவழிக்க 330 மணி நேரத்துக்கு மேல் எரியவேண்டும். ஆனாலும் பிள்ளைகளிடம் நாம் "லைட்டை அணை" என்றுதான் சத்தம் போடுகிறோம். வெளிச்சம் கண்ணுக்குத் தெரிகிறது. கூரைக்குள் ஒளிந்திருக்கும் கீசர் தெரிவதில்லை. மீட்டரைச் சில நாள் கவனித்தால் எதை அணைக்கவேண்டும் என்று தானே புரிந்துவிடும்.

ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த நடத்தை ஆய்வாளர் பி.ஜே. ஃபாக் 2009-இல் இதற்கு ஒரு விளக்கம் தந்தார். ஒருவர் ஒரு காரியத்தைச் செய்ய வேண்டுமானால் விருப்பம், செய்யும் வசதி, நினைவூட்டும் தூண்டல் ஆகிய மூன்றும் ஒரே நொடியில் சேரவேண்டும். தென்னாப்பிரிக்காவின் மின்சார நிறுவனமான எஸ்காம், நாட்டின் பொது ஒளிபரப்பான எஸ்.ஏ.பி.சி. தொலைக்காட்சியில் காட்டிய 'பவர் அலர்ட்' இதற்கு நல்ல உதாரணம். நாடு முழுவதும் அடுப்பும் கீசரும் ஓடும் மாலை நேரத்தில், மின்தொகுப்பின் நெருக்கடி எந்த அளவில் இருக்கிறது என்று வண்ணத்தில் காட்டி, இன்னின்னதை அணையுங்கள் என்று சொன்னது. காலைச் செய்தித்தாளில் அதையே சொல்லியிருந்தால் மாலைக்குள் மறந்திருப்போம். கீசருக்கு டைமர் பொருத்துவது அதைவிட மேல் என்பேன். ஒரு தடவை முடிவெடுத்தால் போதும், தினமும் மன உறுதியைத் தேடவேண்டியதில்லை.

அடுத்தது அக்கம்பக்கம். கலிஃபோர்னியாவின் சான் மார்கோஸ் நகரில் சுமார் 300 வீடுகளில் நடந்த ஓர் ஆய்வு 2007-இல் வெளிவந்தது. அந்தப் பகுதியின் சராசரி மின் பயன்பாடு எவ்வளவு என்று எல்லோருக்கும் தெரிவித்தார்கள். அதிகம் செலவழித்தவர்கள் குறைத்துக்கொண்டார்கள். ஆனால் குறைவாகச் செலவழித்தவர்கள் சராசரியை நோக்கி மேலே ஏறிவிட்டார்கள்! அவர்களுக்கு அனுப்பிய சீட்டில் ஒரு சிரித்த முகம் வரைந்ததும் அந்த ஏற்றம் நின்றது. 2018 வறட்சியின்போது கேப் டவுன் வெளியிட்ட தண்ணீர் வரைபடமும் பாராட்டும் வழியைத்தான் பிடித்தது. மாதம் 6,000 லிட்டருக்குள் அடக்கிய வீட்டுக்குக் கரும்பச்சைப் புள்ளி, 10,500 வரை இளம்பச்சை. அதற்கு மேல் போனவர்களுக்குச் சிவப்புப் புள்ளி வைக்கவில்லை. பக்கத்து வீட்டுக் கணக்கை ஊருக்குக் காட்டலாமா என்ற கேள்வி எழுந்தது, அது நியாயமான கேள்விதான்.

அக்கம்பக்கத்தின் வலிமை நமக்குப் புதிதா என்ன? புரட்டாசி வந்தால், ஆண்டு முழுக்க இறைச்சி சாப்பிடும் டர்பன் தமிழ்க் குடும்பங்கள்கூட ஒரு மாதம் தொடுவதில்லை. பக்தி அதற்கு அடிப்படை. கூடவே, தொடங்கும் நாளும் முடியும் நாளும் நாள்காட்டியில் இருக்கின்றன, சொந்தக்காரர்கள் எல்லோரும் அதையே செய்கிறார்கள், அந்த மாதம் வீட்டில் சமைப்பதே மரக்கறிதான். தனியாளாக முயன்றால் இதில் பாதிப் பேர் பத்து நாளில் விட்டுவிடுவார்கள் என்றே நினைக்கிறேன்.

ஆனால் அந்த 14 விழுக்காட்டுக்குத் திரும்ப வேண்டும், ஏனென்றால் அது யார் வீட்டில் குறைந்தது என்பது முக்கியம். வசதியுள்ளவர் கீசரை அணைத்து மிச்சம் பிடிப்பதும், கையில் காசில்லாதவர் யூனிட் தீர்ந்து இருட்டில் உட்கார்ந்திருப்பதும் புள்ளிவிவரத்தில் ஒரே மாதிரி 'சேமிப்பு' என்றுதான் பதிவாகும். இரண்டையும் பிரித்துப் பார்க்காமல் இப்படிப்பட்ட திட்டத்தை வகுக்கும் வடிவமைப்பாளர் தன் வேலையைப் பாதிதான் செய்திருக்கிறார்.

ஃபாக் சொன்ன மூன்றையும் ஏழைகளின் பக்கமும் திருப்பலாம். தென்னாப்பிரிக்காவில் வறிய குடும்பங்களுக்கு மாதம் 50 யூனிட் இலவச மின்சாரம் என்பது தேசியக் கொள்கை. ஆனால் பல இடங்களில் மாதாமாதம் அதைக் கேட்டு வாங்கவேண்டும். கேட்காவிட்டால் அந்த மாதத்துப் பங்கு போய்விடும். விருப்பம் அவர்களிடம் ஏற்கெனவே இருக்கிறது. குறைவது வசதியும் தூண்டலும். மாதம் பிறந்ததும் அந்த 20 இலக்க எண் கேட்காமலேயே குறுஞ்செய்தியாக வரவேண்டும். காசு கொடுத்து வாங்கும் மின்சாரத்துக்கு எண் அப்படித்தான் கைப்பேசிக்கு வருகிறது. இலவச யூனிட்டுக்கும் அதே வழி போதும்.