கடலோரத்தில் பழைய டீசல் கார்: இன்ஜினுக்கு முன் அடிப்பாகத்தைப் பாருங்கள்

கடலூரிலோ புதுச்சேரியிலோ பழைய டீசல் கார் பார்க்கப் போகிறவர்கள் பானெட்டைத் திறந்து, ஸ்டார்ட் செய்து, சத்தம் கேட்டதும் விலை பேச ஆரம்பித்துவிடுகிறார்கள். இந்தப் பக்கத்து வண்டிகளுக்கு அந்த வரிசை சரிப்படாது. இன்ஜின் கோளாறைக் கழற்றிச் சரிசெய்யலாம். உப்புக்காற்று அரித்த பாடியிலும் வெள்ளத்தில் ஊறிய வயரிங்கிலும் கை வைத்தால் செலவுக்கு முடிவே இருக்காது.

முதலில் வண்டியை லிப்டில் ஏற்றச் சொல்லுங்கள். பின் ஆக்சில், பிரேக் பைப், கதவுக்குக் கீழுள்ள பாக்ஸ் பகுதி, பேட்டரி உட்காரும் தட்டு எல்லாவற்றிலும் துருவைத் தேடுங்கள். மேலாகப் படிந்த செந்துரு பரவாயில்லை. ஸ்க்ரூடிரைவர் பிடியால் தட்டும்போது செதில் செதிலாக உதிர்ந்தால் அந்த வண்டி வேண்டாம். அடியில் புதிதாகக் கறுப்பு கோட்டிங் பளபளத்தால் கூடுதலாகச் சந்தேகப்படுங்கள். விற்கப்போகும் வண்டிக்கு யாரும் ஆசைப்பட்டு அதை அடிப்பதில்லை. டிக்கியில் ஸ்டெப்னி குழியையும் பாருங்கள். துறைமுகப் பக்கம் மீன் பெட்டி ஏற்றிய வண்டி என்றால் ஐஸ் தண்ணீர் வடிந்த தடம் உப்புப் பொருக்கோடு அங்கேதான் தெரியும்.

அடுத்தது வெள்ளம். சர்வீஸ் பில்லையும் இன்சூரன்ஸ் கிளைம் விவரத்தையும் வாங்கி 2015 நவம்பர், டிசம்பர், 2024 டிசம்பர் மாதங்களில் என்ன வேலை நடந்திருக்கிறது என்று தேடுங்கள். 2024-இல் ஃபெஞ்சல் புயல் மழையில் புதுச்சேரி நகரம் மூழ்கியது. அடுத்த நாட்களில் தென்பெண்ணை பெருகிக் கடலூருக்குள் வந்தது. பாலிஷ் போட்டாலும் சில தடங்கள் மறையாது. சீட் பெல்ட்டைக் கடைசிவரை இழுத்தால் உள்ளே சுருண்டிருந்த பகுதியில் சேற்றுக்கறை இருக்கும். டேஷ்போர்டுக்கு அடியில் ஒரு கனெக்டரைக் கழற்றினால் பின்களில் பச்சை பூத்திருக்கும். ஓடும் இன்ஜின் தண்ணீரை உறிஞ்சினால் பிஸ்டனைத் தாங்கும் கனெக்டிங் ராடு வளையும். லேசாக வளைந்த ராடோடு வண்டி சில மாதம் ஓடவும் செய்யும், பிறகுதான் பிளாக்கை உடைக்கும்.

இவை தேறினால் இன்ஜினுக்கு வாருங்கள். நீங்கள் போகுமுன் ஸ்டார்ட் செய்யக் கூடாது என்று சொல்லிவைத்து, பானெட்டைத் தொட்டுப் பார்த்து, குளிர்ந்த நிலையில் ஸ்டார்ட் செய்யுங்கள். ஐடிலில் ஆயில் மூடியைத் திறந்தால் குபுகுபுவென்று புகை வந்தால் பிஸ்டன் ரிங் தேய்ந்திருக்கிறது. டீசலைத் தெளிக்கும் இன்ஜெக்டரைச் சோதிக்க, ஒவ்வொன்றின் ரிட்டர்ன் பைப்பையும் தனித்தனிச் சிறு பாட்டிலில் விட்டு ஐடிலில் ஓடவிடுவார்கள். எந்த பாட்டில் சீக்கிரம் நிறைகிறதோ அந்த இன்ஜெக்டர்தான் கசிகிறது. மெக்கானிக்குக் கூடுதலாகக் கொடுத்தாவது இதைச் செய்யவையுங்கள்.

வால்வுகளை பிஸ்டனோடு ஒத்து இயக்க ஸ்விஃப்ட் 1.3 டீசலில் டைமிங் செயின். பழைய இன்னோவா 2.5, டஸ்டர் 1.5 இரண்டிலும் பெல்ட். இன்னோவாவில் 1,50,000 கிலோமீட்டரில் பெல்ட் மாற்ற வேண்டும். மாற்றியதற்கு பில் இல்லையென்றால் மாற்றவில்லை என்றே கணக்கு வைத்து, வாங்கியதும் மாற்றிவிடுங்கள். பெல்ட் அறுந்தால் வால்வுகள் வளைந்து சிலிண்டர் ஹெட் வரை வேலை வரும்.

பராமரிப்பில் இங்கே அதிகம் கோட்டைவிடுவது டீசல் ஃபில்டரைத்தான். மழைக்காலத்தில் அதன் அடியில் உள்ள ஸ்க்ரூவைத் தளர்த்தித் தண்ணீரை வடித்துவிடுங்கள். புது ஃபில்டர் போட்டதும் ஹேண்ட் பம்பால் காற்றை முழுக்க வெளியேற்றாமல் ஸ்டார்ட்டரைச் சுற்றிக்கொண்டே இருந்தால் ஹை பிரஷர் பம்ப் வறண்டு தேயும். அதன் உலோகத்தூள் இன்ஜெக்டரையும் கெடுக்கும். அடிப்பாகத்தை மாதம் ஒருமுறை நல்ல தண்ணீரில் கழுவுங்கள். சில தெருக்களில் போர் தண்ணீரே உப்பு. அதில் கழுவிப் பயனில்லை.

2020 ஏப்ரலுக்குப் பிந்தைய பிஎஸ்6 (புகைக் கட்டுப்பாட்டு விதி) வண்டி என்றால் டிபிஎஃப் இருக்கும். சைலன்சர் லைனில் கரியைப் பிடித்துவைத்து, சூடேறும்போது எரித்துவிடும் ஃபில்டர் அது. லாஸ்பேட்டையிலிருந்து கடற்கரைச் சாலைக்குப் போய்த் திரும்புவதோடு ஓட்டம் முடிந்தால் அந்தச் சூடு ஏறாது, கரி அடைத்து விளக்கு எரியும். வாரம் ஒருமுறை திண்டிவனம் சாலையில் அரை மணி நேரம் சீரான வேகத்தில் ஓட்ட முடியாதவர்களுக்கு பெட்ரோல் வண்டியே போதும். ஆயிலும் டிபிஎஃப்புக்கு ஏற்ற குறைந்த சாம்பல் ரகமாக இருக்க வேண்டும்.

கடலூர்க்காரர் பிஒய் எண் (புதுச்சேரிப் பதிவு) வண்டி வாங்கினால் விலை குறைவாகத்தான் தெரியும். 12 மாதத்துக்கு மேல் தமிழ்நாட்டில் வைத்து ஓட்ட, தடையில்லாச் சான்று (என்ஓசி) வாங்கித் தமிழ்நாட்டில் வரி கட்டி எண்ணை மாற்றியாக வேண்டும். அந்த வரி எவ்வளவு என்று ஆர்டிஓ அலுவலகத்தில் கேட்டுக்கொண்டு, அதைக் கழித்து விலை பேசுங்கள்.