ஸ்க்ரூவைக் கூட்டினால் பொருள் உறுதியாகாது

பழுதாகித் திரும்பி வந்த இன்னொரு கட்டுப்பாட்டுப் பெட்டி, உள்ளே அதே கோளாறு. சர்க்யூட் போர்டைப் பிடிக்க எட்டு ஸ்க்ரூ. அதில் ஒன்றை ஒட்டி ஒரு செராமிக் கெப்பாசிட்டர், அதாவது மின்னூட்டத்தைத் தேக்கும் சிறு பாகம். அதைக் குறுக்கே அறுத்துத் தேய்த்துப் பார்த்தால் முனையில் மயிரிழை விரிசல். முந்தைய மாடலில் ஆறு ஸ்க்ரூதான் இருந்தது. புகார் வந்ததும், "இன்னும் ரெண்டு போடுங்க, ஸ்ட்ராங்கா இருக்கும்" என்று யாரோ முடிவு செய்திருக்கிறார்கள்.

இருக்காது. ஒரு தளத்தை நிர்ணயிக்க மூன்று புள்ளி போதும். நான்காவதிலிருந்து, ஸ்க்ரூ இறங்கும் ஒவ்வொரு பிளாஸ்டிக் தூணும் மற்றவற்றின் உயரத்துக்குச் சரியாக வந்தாக வேண்டும். அச்சில் வார்த்த பிளாஸ்டிக் ஆறும்போது சுருங்கும்; எல்லா இடத்திலும் ஒரே அளவு சுருங்காது. ஒரு தூண் 0.3 மி.மீ. தாழ்ந்திருந்தால், அங்கே இறுக்கும் ஸ்க்ரூ போர்டைக் கீழே இழுத்து வளைக்கும். போர்டு வளைந்து கொடுக்கும், செராமிக் கொடுக்காது. தொழிற்சாலைச் சோதனையில் அது பாஸாகிவிடும். பிறகு விரிசலில் ஈரம் ஏறி, வாடிக்கையாளர் கையில் ஷார்ட் ஆகும். உறுதிக்கென்று போட்ட ஸ்க்ரூவேதான் காரணம்!

கணக்கும் இதையே சொல்கிறது. ஒவ்வொரு ஸ்க்ரூவும் ஓர் இணைப்பு; ஓர் இணைப்பு சரியாக அமைய 99.9% வாய்ப்பு என்று வையுங்கள். 50 இணைப்புகளும் சரியாக அமைய வாய்ப்பு சுமார் 95% தான்.

எனவே முதலில் குறையுங்கள். ஒவ்வொரு பாகத்தையும் கேளுங்கள்: மற்றவற்றிலிருந்து தனியே அசைய வேண்டுமா? வேறு பொருளால்தான் செய்ய வேண்டுமா? தனியாக இல்லாவிட்டால் மற்றவற்றைப் பூட்டவோ கழற்றவோ முடியாதா? மூன்றுக்கும் இல்லை என்றால் பக்கத்துப் பாகத்தோடு சேர்த்தே வார்த்துவிடுங்கள். சிறிய போர்டுக்கு ஓர் ஓரத்தைப் பள்ளத்தில் செருகி, எதிர் ஓரத்தில் இரண்டு ஸ்க்ரூ போட்டால் பெரும்பாலும் போதும். கனமான டிரான்ஸ்பார்மர் இருந்தால் அதன் அடியில் தாங்கல் கொடுங்கள், அது வேறு விஷயம். செராமிக் கெப்பாசிட்டரை ஸ்க்ரூ துளையிலிருந்து 5 மி.மீ.க்குக் குறையாமல் தள்ளி வையுங்கள்.

8 மி.மீ., 10 மி.மீ. ஸ்க்ரூ இரண்டும் ஒரே பெட்டியில் வேண்டவே வேண்டாம். கட்டாயம் மாறிப்போகும். நீளமானது துளையின் அடியில் முட்டியதும் டார்க் (குறித்த முறுக்கு விசை) வந்துவிட்டதென்று பவர் ஸ்க்ரூடிரைவர் நின்றுவிடும், ஸ்க்ரூவின் தலையோ இறுகியிருக்காது.

சர்வீஸ் செய்பவர்களிடம் ஒரு வேண்டுகோள். பிளாஸ்டிக்கில் ஸ்க்ரூவைத் திரும்ப மாட்டும்போது முதலில் இடப்பக்கம் மெல்லத் திருப்புங்கள். பழைய மரையில் விழுந்ததும் இறுக்குங்கள். நேரே இறக்கினால் புது மரை வெட்டும், இரண்டு மூன்று முறையில் தூணின் மரை தேய்ந்து ஸ்க்ரூ வழுக்கிவிடும்.

வடிவமைப்பவர்களே, அடுத்த புகார் வந்தால் ஒன்பதாவது ஸ்க்ரூவை வரையாதீர்கள். எல்லா ஸ்க்ரூவையும் தளர்த்தி, ஒவ்வொரு தூணுக்கும் போர்டுக்கும் நடுவே ஃபீலர் கேஜ் (இடைவெளியை அளக்கும் மெல்லிய தகடு) விட்டு இடைவெளியை அளந்து பாருங்கள்.