வேகமானி காட்டுவது எந்த வேகம்?

விமான சிமுலேட்டரில் முதன்முறையாக ஜெட் விமானத்தை 35,000 அடிக்கு ஏற்றியவர்கள் ஒரு கணமாவது திகைத்திருப்பார்கள். வேகமானி 265 நாட் (மணிக்கு 265 கடல் மைல்) என்று காட்ட, பக்கத்துத் திரையோ 450 நாட் என்று காட்டும். இரண்டுமே சரியான எண்கள்தாம்.

வேகமானி வேகத்தை நேரடியாக அளப்பதில்லை. அது அளப்பது அழுத்தத்தை. எதிர்வரும் காற்றை வாங்கும் பிட்டோ குழாயில் உருவாகும் அழுத்தத்துக்கும், விமானத்தின் பக்கவாட்டுத் துளையில் உணரப்படும் சுற்றுப்புற அழுத்தத்துக்கும் உள்ள வேறுபாடே முள்ளை நகர்த்துகிறது. அந்த வேறுபாடு காற்றின் அடர்த்தியையும் வேகத்தின் இருமடியையும் பொறுத்தது. கடல்மட்டத்தில் ஒரு கன மீட்டர் காற்று சுமார் 1.225 கிலோ எடை கொண்டது. 35,000 அடியில் அது 0.38 கிலோவாகக் குறைந்துவிடுகிறது. ஆகவே அங்கே அதே அழுத்தத்தைப் பெற விமானம் மிக விரைவாகப் பறந்தாக வேண்டும். முள் காட்டுவது சுட்டு வேகம். சுற்றியுள்ள காற்றை விமானம் ஊடுருவிச் செல்லும் வேகம் உண்மை வேகம்.

‘உண்மை’ என்ற பெயரால் மற்றது பொய் என்று எண்ணிவிடக் கூடாது. இறக்கையின் தூக்குவிசையும் ஏறத்தாழ அதே அழுத்தத்தைச் சார்ந்தே அமைகிறது. அதனால், ஒரே எடையுள்ள சிறு விமானம் தூக்குவிசையை இழக்கும் சுட்டு வேகம், கடல்மட்டத்திலும் 10,000 அடியிலும் ஏறக்குறைய ஒன்றாகவே இருக்கும். விமானியைக் காப்பாற்றும் எண் அதுதான் என்பது என் உறுதியான கருத்து. சில சிமுலேட்டர்களில் வேகமானியை உண்மை வேகம் காட்டும்படி மாற்றிவைக்கும் வசதி உண்டு. கற்றுக்கொள்பவர்கள் அதைத் தொடாமல் இருப்பதே நல்லது.

குழாய் பொருத்தப்பட்ட இடத்தாலும் கருவியாலும் நேரும் சிறு பிழைகளை நீக்கினால் கிடைப்பது திருத்திய வேகம். உண்மை வேகத்தோடு காற்றோட்டத்தின் விளைவையும் சேர்த்தால் தரை வேகம் கிடைக்கும்: உண்மை வேகம் 450 நாட்டாக இருக்கையில் 80 நாட் எதிர்க்காற்று வீசினால் தரை வேகம் 370 நாட். பயண நேரத்தைக் கணக்கிட இது வேண்டும். இறக்கைக்கு இதைப் பற்றிய கவலையே இல்லை.

உயரத்தில் ஒலி வேகமும் குறுக்கிடுகிறது. கடல்மட்டத்தில் சுமார் 660 நாட்டாக இருக்கும் அது, 35,000 அடியின் குளிரில் சுமார் 575 நாட்டாகக் குறைகிறது. சுட்டு வேகத்தை மாற்றாமல் ஏறிக்கொண்டே போனால் உண்மை வேகம் கூட, ஒலி வேகம் குறைய, உண்மை வேகத்துக்கும் ஒலி வேகத்துக்கும் உள்ள விகிதமான மாக் எண் இரு வழியிலும் உயர்கிறது. அதனால்தான் ஜெட் விமானிகள் ஒரு கட்டத்துக்குமேல் சுட்டு வேகத்தை விட்டு, 0.78 போன்ற ஒரு மாக் எண்ணைப் பிடித்துக்கொண்டு ஏறுகிறார்கள்.

இவை அனைத்தையும் ஒரே தரையிறக்கத்தில் உணர, சிமுலேட்டரில் பொலிவியாவின் எல் ஆல்டோ விமான நிலையத்துக்குச் செல்லலாம். ஓடுபாதை 13,000 அடிக்கு மேல் உள்ளது. வழக்கம்போல் 140 நாட் சுட்டு வேகத்தில் அணுகினாலும் உண்மை வேகம் 170 நாட்டைத் தாண்டும். ஓடுபாதை கண்முன்னே அச்சுறுத்தும் வேகத்தில் விரைந்து வரும். பதறிப்போய் 140-க்குக் கீழே இறங்கிவிடாதீர்கள். இறக்கைக்கு அந்த 140 தேவை. சக்கரங்கள் தரையைத் தொட்டபின் பிரேக்குகள் உள்வாங்க வேண்டிய ஆற்றல், காற்று வீசாத நாளில், கடல்மட்டத்தில் வேண்டியதைப்போல் ஏறத்தாழ ஒன்றரை மடங்கு.