பிங் சொல்லுற தூரம்

கொழும்பு வெள்ளவத்தைல வீட்டு வைஃபைல இருந்து ஒரு சைட்டைத் திறந்தா நான் கண்டியில இருக்கிறனாம். எந்த ஐபி அட்ரஸ் (இன்டர்நெட்ல நம்மளை அடையாளம் காட்டுற நம்பர்) எங்கன்னு எழுதி வச்ச ஒரு பட்டியலைப் பார்த்துத்தான் அது அப்பிடிக் காட்டுது, பட்டியல் பிழைன்னா பதிலும் பிழை. ஆனா பட்டியலே இல்லாம வெறும் நேரத்தை வச்சும் இடம் பிடிக்கலாம்.

மின்னல் வெட்டினதும் இடி கேக்கிற வரைக்கும் எண்ணுவம் தானே, மூணு செக்கனுக்கு ஒரு கிலோமீட்டர்ன்னு, கிட்டத்தட்ட அதே கணக்குத்தான். ஃபைபர் கேபிளுக்குள்ள வெளிச்சம் செக்கனுக்கு சுமார் 2 லட்சம் கிலோமீட்டர் ஓடும், பிங்ன்றது ஒரு சின்னச் செய்தி சேர்வருக்குப் போய்த் திரும்பி வார நேரம், அப்ப ஒரு மில்லிசெக்கனுக்கு மிஞ்சிப்போனா 100 கிலோமீட்டர். கொழும்பில இருந்து பிங் பண்ண ஒரு சேர்வர் 10 மில்லிசெக்கன்ல பதில் தருதுன்னு வைங்க, அது 1,000 கிலோமீட்டருக்கு அங்கால இருக்கவே ஏலாது. கம்பெனி அதை சிங்கப்பூர் சேர்வர்ன்னு வித்தாலும் நம்பாதீங்க, சிங்கப்பூர் 2,700 கிலோமீட்டர், 27 மில்லிசெக்கனுக்குக் குறைய வராது. அதே சேர்வர் சென்னைக்கு 2 மில்லிசெக்கன்ல பதில் சொன்னா சென்னையைச் சுத்தி 200 கிலோமீட்டர் வட்டம். இப்பிடி பல ஊர்ல இருந்து வட்டம் போட்டு, எல்லாம் ஒண்டு மேல ஒண்டு விழுற இடத்தில தேடணும்.

சிக்கல் என்னன்னா பிங் கூடுறதுக்கு ஆயிரம் காரணம் இருக்கு. சென்னை நமக்கு 700 கிலோமீட்டர் கூட இல்ல, ஆனா டேட்டா சிங்கப்பூர் சுத்திப் போனா 50 மில்லிசெக்கனைத் தாண்டிரும், 60ன்னு வந்தா வட்டம் 6,000 கிலோமீட்டர், நைரோபியும் பெய்ஜிங்கும் கூட உள்ள வந்துரும், அதை வச்சு என்ன செய்ய! இரவில எல்லாரும் வீடியோ பார்க்கிற நேரம் ரவுட்டர்லயும் கியூ. அதனால நிறைய தடவை பிங் பண்ணி ஆகக் குறைஞ்சதை மட்டும் எடுப்பாங்க, சராசரி எடுத்தா கியூவையும் சேர்த்துத்தான் அளப்பீங்க. எனக்குப் பிடிச்சது இதுதான், வேணும்ன்னே பதிலைப் பிந்தி அனுப்பி ஏமாத்தலாம், வெளிச்சத்தை விட முந்தி அனுப்ப யாராலயும் ஏலாது.

லண்டன்லயும் நியூயோர்க்லயும் 8.8.8.8ன்ற கூகிள்ட டிஎன்எஸ் சேர்வர் அட்ரஸை (சைட் பேரைக் குடுத்தா ஐபி நம்பர் சொல்லுறது) பிங் பண்ணா ரெண்டு பக்கமும் சில மில்லிசெக்கன்தான், ஆனா ரெண்டு ஊருக்கும் இடையில 5,500 கிலோமீட்டர், அப்ப ஒரே அட்ரஸ்ல பல மெஷின் பல ஊர்ல இருக்குன்னு அர்த்தம்.

சரி, இந்த பிங் கணக்கு என்னைக் கண்டியில இருந்து வெள்ளவத்தைக்குக் கொண்டு வருமா? நேர்கோட்டில 100 கிலோமீட்டர் கூட இல்ல, அதாவது ஒரு மில்லிசெக்கன், என்ட வைஃபை மட்டுமே அதை விடக் கூட ஆடுது.