கான்சல் தூதர் அல்லர்

'கி.மு. 63இல் சிசரோ ரோமின் தூதராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார்', 'கி.மு. 59இல் சீசர் தூதர் பதவியை ஏற்றார்' என்பன போன்ற வாக்கியங்கள் தமிழில் பெருகிவிட்டன. போட்டித் தேர்வுக் குறிப்புகளிலும், காணொளி வரலாறுகளிலும், அவசரமாக மொழிபெயர்க்கப்பட்ட நூல்களிலும் இவை தங்குதடையின்றி உலவுகின்றன. 'கான்சல்' என்னும், ரோமக் குடியரசின் மிக உயர்ந்த ஆட்சிப் பதவியில் இருந்தவரை, வேற்று நாட்டுக்கு ஓலை கொண்டு போனவராக இவை காட்டுகின்றன. படிப்பவருக்கு 'எந்த நாட்டுக்குத் தூதர்?' என்ற கேள்வி எழ வேண்டும். எழுதியவருக்கே எழாத கேள்வி படிப்பவருக்கு எங்கிருந்து எழும்?

பிழையின் ஊற்று வெளிப்படையானது. ஆங்கில அகராதியில் கான்சல் என்னும் சொல்லுக்கு முதலில் நிற்கும் பொருள், அயல்நாட்டு நகரில் தன் நாட்டவரின் நலனையும் வணிகத்தையும் கவனிக்கும் அதிகாரி என்பது. அவரது அலுவலகத்தைச் சென்னையில் துணைத் தூதரகம் என்கிறோம். யாழ்ப்பாணத்திலுள்ள இந்திய அலுவலகத்துக்கும் அதே பெயர்தான். அந்தப் பொருளை எடுத்து இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முற்பட்ட ரோமின் மேல் ஒட்டிவிடுகிறார்கள். சிலர் இன்னும் கவனமாக இருப்பதாக எண்ணிக்கொண்டு 'துணைத் தூதர்' என்றே எழுதுகிறார்கள். நாட்டின் தலைவர் முதலில் தூதரானார். பிறகு அந்தத் தூதருக்கும் துணையானார்.

சொல்லின் வரலாறு சுருக்கமானது. இலத்தீனில் இதன் ஒலிப்பு ஏறத்தாழ 'கோன்சுல்'. கலந்து ஆலோசித்தல் என்னும் பொருளுள்ள 'கோன்சுலெரே' என்ற வினையோடு ரோமானியரே இதைத் தொடர்புபடுத்தினர். மரபுக் கணக்கின்படி கி.மு. 509இல் தார்க்குவின் மன்னனை விரட்டியபின் புரூட்டஸும் கொல்லாதினஸும் முதல் கான்சல்கள் ஆனார்கள். தொடக்கத்தில் பதவியின் பெயர் 'பிரேட்டர்', அதாவது முன்னே செல்பவர், என்றிருந்ததாகவும் ரோம எழுத்தாளர்கள் குறிக்கிறார்கள். பேரரசு மறைந்து பல நூற்றாண்டுகளுக்குப் பின், இடைக்கால இத்தாலிய நகரங்களான பிசாவும் ஜெனோவாவும் தம் ஆட்சியாளர்களுக்கு இந்தப் பழம்பெயரைச் சூட்டின. மத்தியதரைக் கடலின் துறைமுகங்களில் குடியேறிய வணிகர்கள் தம் வழக்குகளைத் தீர்க்கத் தமக்குள் ஒருவரை நியமித்து அவரையும் அப்படியே அழைத்தனர். அந்த வணிக நடுவரின் வழிவந்தவர்தான் இன்று கடவுச்சீட்டும் விசாவும் வழங்கும் அதிகாரி. ஆக, தூதரகப் பொருள் இச்சொல்லின் பேரன். பேரனின் தொழிலைப் பாட்டனுக்குச் சொல்வது முறையன்று.

தூதர் என்ற சொல் எத்தகைய குழப்பத்தை விளைவிக்கும் என்பதற்கு ஒரே ஒரு நிகழ்ச்சி போதும். கி.மு. 168இல் சிரியாவின் மன்னன் நான்காம் அந்தியோக்கஸ் எகிப்தின் மீது படையெடுத்து அலெக்சாந்திரியாவை நெருங்கியபோது, ரோமின் மூத்தோர் மன்றமான செனட் காயுஸ் பொப்பில்லியுஸ் லேனாஸ் என்பவரை அனுப்பியது. அவர் மன்னனைச் சுற்றி மணலில் தம் கைக்கோலால் ஒரு வட்டம் வரைந்து, அதைவிட்டு வெளியேறுமுன் மறுமொழி சொல்லும்படி கேட்டார். மன்னன் பணிந்து படையைத் திருப்பிக்கொண்டான். இந்தப் பயணத்தில் பொப்பில்லியுஸ் உண்மையிலேயே தூதர். 'லெகாட்டுஸ்' என்பது அதற்கான இலத்தீன் சொல். ஆனால் அதற்கு முன்பே, கி.மு. 172இல், அவர் கான்சலாக இருந்தவர். பின்னர் 158இல் மீண்டும் கான்சலானார். நம் மொழிபெயர்ப்பாளரின் கையில் இது எப்படி ஆகும்? 'முன்னாள் தூதர் தூதராகச் சென்றுவந்து மறுபடியும் தூதரானார்.' தூதுக்கென ஓர் அதிகாரமே வகுத்த குறளை வைத்திருக்கும் மொழியில் இப்படி எழுதுவதற்குத் தனித் துணிச்சல் வேண்டும். பேரரசன் கலிகுலா தன் குதிரையைக் கான்சலாக்க எண்ணியதாக ஒரு கதை உண்டு. அதையும் 'குதிரையைத் தூதராக்க நினைத்தான்' என்று எழுதிவிட்டால், செய்தியை விரைவாகக் கொண்டு செல்ல நல்ல ஏற்பாடுதானே என்று படிப்பவர் நினைத்தால் குற்றம் அவருடையது அன்று.

தூதரை விலக்கியவர்களுள் பலர் 'அதிபர்' என்ற சொல்லுக்குத் தாவுகிறார்கள். அமெரிக்க அதிபர், பிரெஞ்சு அதிபர் என்று செய்தித்தாள்கள் பழக்கிவிட்டதால், குடியரசு ஒன்றின் தலைவர் என்றாலே அதிபர் என்று கை தானாக எழுதிவிடுகிறது. இலங்கைத் தமிழில் அதிபர் என்றால் பள்ளித் தலைமையாசிரியர் என்பதை இவர்கள் நினைப்பதில்லை. எனினும் என் மறுப்பு அதன் பொருட்டு அன்று. அதிபர் என்பது ஒருவரைச் சுட்டும் சொல். மேலே எவரும் அற்று, பக்கத்திலும் எவரும் அற்று இருப்பவர். கான்சல் பதவியின் உயிர்நிலையோ, அது ஒருவரிடம் இல்லை என்பதுதான்.

மன்னரிடம் குவிந்திருந்த ஆணையதிகாரத்தை ரோமானியர் ஒழிக்கவில்லை. அதை அப்படியே வைத்துக்கொண்டு இருவரிடம் கொடுத்தார்கள், அதையும் ஓராண்டுக்கு மட்டும் கொடுத்தார்கள். ஒரு கான்சல் செய்ய முற்படுவதை மற்றவர் 'தடுக்கிறேன்' என்று சொல்லி நிறுத்தலாம். கோடரி செருகிய பிரம்புக் கட்டுகளைத் தோளில் ஏந்தி 12 ஏவலர் கான்சலுக்கு முன்னே நடப்பர். நகருக்குள் வந்ததும், குடிமகனுக்கு மக்கள் முன் முறையிடும் உரிமை உண்டு என்பதற்கு அடையாளமாகக் கோடரியை எடுத்துவிடுவர். இருவரும் ரோமில் இருக்கும் மாதங்களில் ஒருவர் மாற்றி ஒருவர் தலைமை ஏற்பர். போர்க்களத்தில் இருவரும் ஒரே படையோடு இருந்தால் ஒருநாள் விட்டு ஒருநாள் தலைமை மாறும். கி.மு. 216இல் கான்சல்கள் வர்ரோவும் பவுலுஸும்; இத்தாலியின் கன்னேயில் கார்த்தேஜின் தளபதி ஹன்னிபாலிடம் ரோமப் படை அழிந்த நாள் வர்ரோவின் முறை. போரை விரும்பாத பவுலுஸ் களத்தில் மாண்டார், வர்ரோ தப்பினார். இந்தக் கதையில் இரண்டு 'அதிபர்கள்' என்று எழுதினால் வாக்கியமே இடறுகிறது.

எதிர்முனையிலும் சான்று கிடைக்கிறது. கி.மு. 59இல் சீசரின் உடன்கான்சலான பிபுலுஸ், சீசரின் நிலச்சட்டத்தைத் தடுக்க முயன்று மன்றத்தில் தாக்கப்பட்டு, ஆண்டின் எஞ்சிய பகுதியைத் தம் வீட்டுக்குள்ளேயே கழித்தார்; அங்கிருந்தபடியே சகுனம் சரியில்லை என்று அறிவித்துக்கொண்டிருந்தார். ஆண்டுகளை இரு கான்சல்களின் பெயரால் குறிப்பது ரோமானிய வழக்கம். ஆகவே ஊரார், 'இது ஜூலியுஸும் சீசரும் கான்சலாக இருந்த ஆண்டு' என்று நகையாடினர். அதிபர் என்று மொழிபெயர்த்தால் இந்த நகைச்சுவை செத்துவிடும். ஓர் அதிபர் ஆண்ட ஆண்டில் என்ன வேடிக்கை? கி.மு. 52இல் கலவரம் முற்றியபோது தளபதி பொம்பேயைச் சிறிது காலம் 'உடனாளி இல்லாத கான்சல்' ஆக்கினார்கள். அந்தத் தொடரிலுள்ள முரண்தான் அந்த ஆண்டின் அரசியல் செய்தி. அதை 'ஒரே அதிபர்' என்று எழுதினால் முரணும் போயிற்று, செய்தியும் போயிற்று. அதிபர் கட்சியினர் 'புரிந்தால் போதும்' என்பார்கள். புரிவது எது என்பதுதான் கேள்வி. வாஷிங்டனில் இருப்பவரைப் போன்ற ஒருவர் ரோமிலும் இருந்தார் என்று புரிந்தால், அது புரியாமையைவிடக் கெடுதல்.

'முதல்வர்', 'ஆட்சியர்' என்பனவும் முன்மொழியப்படுகின்றன. முதல்வர் நமக்குச் சட்டமன்றப் பெரும்பான்மையால் பதவியில் நிற்பவர். கல்லூரியிலும் ஒருவர் இருக்கிறார். ஆட்சியர் மாவட்டத்தில் நியமிக்கப்படும் அதிகாரி. கான்சலோ மார்ஸ் திடலில் கூடிய நூற்றுவர் பேரவையின் வாக்கால் தேர்வானவர். அப்பேரவையின் 193 பிரிவுகளில் செல்வரின் பிரிவுகள் முதலில் வாக்களிக்கும். பெரும்பான்மை அங்கேயே முடிவானால் ஏழைகளின் முறை வருவதே இல்லை. இந்தத் தேர்தலை ஆட்சியர் என்ற சொல் எப்படித் தாங்கும்?

தனித்தமிழ் ஆர்வலர் ஒருசாரார் வேர்ப்பொருளை நாடுவர். ஆலோசித்தல் என்பதால் 'சூழ்வர்' அல்லது 'ஓர்வர்' ஆக்கலாமே என்பர். குறளில் சூழ்ச்சி என்றால் ஆராய்ந்து எண்ணுதல்தான். ஆனால் இன்று 'ரோமின் இரு சூழ்வர்' என்றால், கி.மு. 44 மார்ச் 15இல் சீசரைக் குத்தியவர்கள்தாம் நினைவுக்கு வருவார்கள். வேர்ப்பொருளால் மட்டும் சொல் ஆக்குவதன் இடர் இதுவே: பதவிக்காரர்கள் வேரில் வாழ்வதில்லை. 'கோன்சுல்' என்பதில் தமிழ்க் 'கோன்' இருக்கிறதே என்று மகிழ்வோரும் வரக்கூடும். மன்னனே வேண்டாம் என்று ஏற்படுத்திய பதவிக்குள் கோனைத் தேடுவது ரோமானியருக்குச் செய்யும் பெரும் கொடுமை.

என் கருத்தில், பொது வாசகருக்கான தமிழில் 'இணையாட்சித் தலைவர்' என்பது பொருத்தமான சொல். இருவர் என்பது 'இணை'யில் இருக்கிறது; ஆணையதிகாரம் 'ஆட்சி'யிலும், அதற்கு மேல் பதவி இல்லை என்பது 'தலைவ'ரிலும் இருக்கின்றன. நீளம் என்பது ஒரு குறைதான், ஒப்புகிறேன். முதல்முறை வரும்போது அதை அடுத்துக் கான்சல் என்று எழுதிவிட்டால் பின்னர் கான்சல் என்றே தொடரலாம். அயற்சொல் தமிழ் எழுத்தில் ஏறுவதைத் தொல்காப்பியரே தடுக்கவில்லை. புன்செய் என்பதில் இருக்கும் 'ன்ச' மயக்கம்தான் கான்சலிலும் இருக்கிறது, நாவுக்கு இடறும் ஒலி எதுவும் அதில் இல்லை. ஆண்டுக் குறிப்பையும் இவ்வழியே எளிதாக எழுதலாம்: கி.மு. 63 என்பது சிசரோவும் காயுஸ் அந்தோனியுஸும் கான்சல்களாக இருந்த ஆண்டு. கி.மு. 121இன் கான்சலான ஒப்பிமியுஸின் பெயரால் அந்த ஆண்டின் திராட்சை மது நெடுங்காலம் புகழ்பெற்றிருந்தது. 'தூதர் மது' என்று அதை எவரும் மொழிபெயர்ப்பதற்கு முன் இதைச் சொல்லிவைக்கிறேன்.

இந்தச் சோம்பல் கான்சலோடு நிற்பதில்லை. குடிமக்களையும் அவர்களது சொத்தையும் கணக்கெடுத்து, செனட்டின் உறுப்பினர் பட்டியலையும் திருத்திய 'சென்சர்' நம்மவரிடம் 'தணிக்கை அதிகாரி' ஆகிவிட்டார். சென்சராக இருந்த கேட்டோ ஏதோ திரைப்படத்துக்குச் சான்றிதழ் கொடுத்தவர்போல் தோன்றுகிறார். பொதுமக்களின் காவலராக நின்று கான்சலையே தடுக்க வல்ல 'திரிபூன்' ஒரு நூலில் 'தீர்ப்பாயர்' என்று வருகிறார். அகராதியின் முதல் வரியைத் தாண்டிப் படிக்கும் பொறுமை மொழிபெயர்ப்புக் கூலியில் அடங்கவில்லை போலும்.

எஞ்சியிருப்பது 'புரோகான்சல்'. இதைத் 'துணைத் தூதர்' என்றும் 'துணை அதிபர்' என்றும் எழுதுகிறார்கள், இரண்டும் தவறு. கி.மு. 326இல் நேப்பிள்ஸ் நகர முற்றுகை முடியுமுன் கான்சல் புப்லில்லியுஸ் பிலோவின் ஆண்டு முடிந்துவிடவே, அவர் கான்சலுக்குரிய அதிகாரத்தோடு படைத்தலைமையில் தொடர மக்கள் இசைந்தனர். 'கான்சலுக்கு ஈடாக' என்பதே அத்தொடரின் பொருள். துணை என்ற கருத்தே அதில் இல்லை. பின்னாளில் மாகாணங்களை ஆண்டவர்களுக்கு அது பதவிப் பெயரானது. தமிழ் விவிலியத்தின் பழைய மொழிபெயர்ப்பு, அப்போஸ்தலர் பணிகளில் வரும் சைப்பிரஸின் செர்கியுபவுலையும் அகாயாவின் கல்லியோனையும் 'அதிபதி' என்கிறது. மாகாணத்தில் இவர்களுக்கு உடனாளி இல்லை. அங்கே தனித்து ஆண்டவர்கள் இவர்கள். ஆகவே கான்சலுக்குப் பொருந்தாத அதிபதி, புரோகான்சலுக்கு நன்றாகவே பொருந்துகிறது.