தந்தியைப் படித்த கண்ணாடிக் குழாய்

இங்கிலாந்தின் தென்மேற்கு மூலையில், கார்ன்வால் கடற்கரையில் போர்த்கர்னோ என்று ஒரு சின்னப் பள்ளத்தாக்கு இருக்கிறது. 1870-ல் இங்கே மணலில் கரையேறிய கடலடித் தந்திக் கம்பிதான் லிஸ்பன், ஜிப்ரால்டர், மால்டா, ஏடன் வழியாக லண்டனையும் பம்பாயையும் சேர்த்து வைத்தது. அடுத்த ஆண்டே மெட்ராஸிலிருந்து பினாங்கு, சிங்கப்பூர் வரைக்கும் கம்பி போய்விட்டது. இரண்டாம் உலகப்போர் வந்ததும், குண்டுவீச்சிலிருந்து நிலையத்தைக் காக்க, உள்ளூர் சுரங்கத் தொழிலாளர்கள் மலையைக் குடைந்தார்கள். அந்தக் குகைகளில்தான் இப்போது தந்தி அருங்காட்சியகம் இருக்கிறது.

அங்கே நின்று நிதானமாகப் பார்க்க வேண்டியது, வந்துசேரும் தந்தியைக் காகிதத்தில் பதியும் சைஃபன் ரெக்கார்டர். பின்னாளில் கெல்வின் பிரபு ஆன வில்லியம் தாம்சன் 1867-ல் காப்புரிமை வாங்கிய கருவி. மிக மெல்லிய கண்ணாடிக் குழாய் ஒன்று. ஒரு நுனி மைக்குள், மறுநுனி ஓடும் காகித நாடாவுக்கு மேலே. வலுவான காந்தத்தின் நடுவே தொங்கும் கம்பிச்சுருளோடு குழாயை நூலால் இணைத்திருப்பார்கள். மின்சாரம் ஒரு திசையில் வந்தால் சுருள் ஒரு பக்கம் திரும்பும், எதிர்த்திசையில் வந்தால் மறுபக்கம். குழாயும் கூடவே ஆட, நாடாவில் நெளிநெளியாக மைத்தடம் விழும். மேடு வந்தால் மோர்ஸ் தந்திக் குறியீட்டின் புள்ளி, பள்ளம் வந்தால் கோடு. குழாய் காகிதத்தைத் தொட்டால் அந்த உராய்வே அசைவை நிறுத்திவிடும். அதனால் மைக்கு மின்னேற்றம் கொடுத்து, அது தானாகவே காகிதத்துக்குத் தாவும்படி செய்தார் தாம்சன். இங்க்ஜெட் பிரிண்டருக்கு நூறாண்டு முந்தைய யோசனை இது!

ஏன் இத்தனை நுணுக்கம்? நிலத்தில், கம்பம் கம்பமாகப் போகும் தந்திக்கு ‘கட்டு கடகட’ என்று தட்டும் கருவியே போதுமே?

கடலடிக் கம்பியின் நடுவில் செம்பு, அதைச் சுற்றி கட்டாபெர்ச்சா, வெளியே உப்புநீர். கட்டாபெர்ச்சா என்பது மலாயாக் காட்டு மரத்தின் பால். பல் மருத்துவர்கள் வேர் சிகிச்சையில் இன்றும் அடைப்பது அதைத்தான். செம்பும் மின்சாரத்தைக் கடத்தும், கடல்நீரும் கடத்தும், நடுவில் கடத்தாத ஒரு உறை. அப்படியென்றால் மொத்தக் கம்பியுமே ஒரு நீண்ட மின்தேக்கி, அதாவது மின்னேற்றத்தைச் சேர்த்து வைக்கும் பொருள். நீளமான, மெத்தென்ற ரப்பர் குழாயில் தண்ணீர் விடுவது போலத்தான்: குழாய் முதலில் உப்பும், அப்புறம்தான் மறுமுனையில் நீர் வரும், அடைத்த பிறகும் வடிந்துகொண்டே இருக்கும். இந்த முனையில் ‘டக்’கென்று கொடுத்த துடிப்பு, அந்த முனையில் மெல்ல ஏறி மெல்ல இறங்கும் அலையாகத்தான் வந்து சேரும். வேகமாகத் தட்டினால் அலைகள் ஒன்றோடொன்று கலந்துவிடும். கம்பி நீள நீள மின்தடையும் கூடுகிறது, மின்தேக்கமும் கூடுகிறது. அதனால் தாமதம் நீளத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப உயரும். மூன்று மடங்கு நீளம், ஒன்பது மடங்கு தாமதம். 1850-களிலேயே தாம்சன் இதைக் கணக்குப் போட்டுச் சொன்னார்.

கேட்டவர்கள் குறைவு. 1858-ல் முதல் அட்லாண்டிக் கம்பி வழியாக விக்டோரியா ராணியின் 98 சொல் வாழ்த்து போய்ச்சேரச் சுமார் 16 மணி நேரம் பிடித்தது. ‘இன்னும் பலமாகத் தள்ளினால் சரியாகிவிடும்’ என்று ஒயிட்ஹவுஸ் என்ற நிபுணர் சுமார் 2,000 வோல்ட் ஏற்றினார். ஏற்கெனவே பழுதாயிருந்த கம்பி, சில வாரங்களில் முழுக்கச் செத்துவிட்டது.

1866-ல் போட்ட புதுக் கம்பியில் செம்பின் எடை ஏறக்குறைய மூன்று மடங்கு. செம்பு தடித்தால் தடை குறையும், உறை தடித்தால் தேக்கம் குறையும். அந்த ஆண்டு தந்திப் பொறியாளர் லாட்டிமர் கிளார்க் செய்ததுதான் எனக்கு இந்தத் துறையிலேயே மிகவும் பிடித்த சோதனை. இரண்டு அட்லாண்டிக் கம்பிகளை அமெரிக்கக் கரையில் ஒன்றாக இணைக்கச் சொன்னார். தைக்கும்போது விரலில் மாட்டும் வெள்ளிக் குப்பியில் கொஞ்சம் அமிலமும் ஒரு துண்டு துத்தநாகமும் போட்டு, அதையே பேட்டரியாக்கினார். அந்தத் துளி மின்சாரம் கடலைக் கடந்து போய்த் திரும்பியும் வந்தது. மிக மெல்லிய மின்னோட்டத்தையும் காட்டும் தாம்சனின் கண்ணாடிக் கால்வனோமீட்டர் அதைத் தெளிவாகக் காட்டியது. பொட்டளவு கண்ணாடி லேசாகத் திரும்பினாலும், அதில் பட்டுத் தெறிக்கும் ஒளி தூரத்து அளவுகோலில் நன்றாக நகரும் என்பதே அதன் சூட்சுமம். இந்தக் கருவியில் ஆள் உற்றுப் பார்த்து ஒவ்வொரு எழுத்தாகச் சொல்ல வேண்டும். சைஃபன் ரெக்கார்டர் அதையே காகிதத்தில் பதிந்து தந்தது.

வர்க்க விதியிலிருந்து தப்ப இன்னொரு வழி, கம்பியைத் துண்டு போடுவது. பம்பாய் வழித்தடத்தில் இடையிடையே நிலையங்கள் இருந்ததற்கு அதுவும் ஒரு காரணம். ஒவ்வொன்றிலும் ஒரு குமாஸ்தா நாடாவின் நெளிவைப் படித்து, அடுத்த கம்பிக்கு மறுபடி தட்டி அனுப்புவார். 1920-களில் இந்த வேலையைத் தானியங்கிக் கருவிகள் எடுத்துக்கொள்ளத் தொடங்கின.