மருந்தெதிர்ப்பு: எதிர்ப்பது எது?

நோய்க்கிருமியைக் கொல்லவோ அதன் பெருக்கத்தை நிறுத்தவோ கொடுக்கப்படும் மருந்து, உரிய அளவிற் கொடுத்தும் அக்கிருமியிடம் பலிக்காமற் போகும் நிலையே மருந்தெதிர்ப்பு ஆகும். வைத்தியர்கள் 'றெசிஸ்டன்ஸ்' என்பது இதனைத்தான். இலத்தீன் மொழியில் 'எதிரே நிற்றல்' என்று பொருள்படும் 'றெசிஸ்தெரே' என்ற வினையே அதன் மூலம்.

இதே 'றெசிஸ்டன்ஸ்' என்ற சொல்லுக்கு நம் பாடநூல்களில் மின்னியலில் வழங்கும் 'தடை' இங்கே போதாது. கிருமி வெறுமனே மறித்து நிற்பதில்லை. அது மருந்தைச் சிதைக்கும் நொதியத்தை ஆக்குகிறது, உள்ளே புகுந்த மருந்தை வெளியே தள்ளுகிறது, மருந்து பற்றவேண்டிய இடத்தின் அமைப்பையே மாற்றிக்கொள்கிறது. ஆகவே 'எதிர்ப்பு' என்பதே தக்க சொல்.

ஆயினும் அதிலும் ஓர் இடர்ப்பாடு உண்டு. நோயெதிர்ப்பு, மருந்தெதிர்ப்பு இரண்டும் எது எதிர்க்கப்படுகிறது என்பதைச் சொல்கின்றனவே தவிர, எதிர்ப்பது எது என்பதைச் சொல்வதில்லை. முன்னையது உடலின் ஆற்றல்; பின்னையது கிருமியின் ஆற்றல். இவ்வேறுபாடு மறைந்துவிடுவதால், "உடம்புக்கு மருந்து பழகிப்போச்சு" என்று திருகோணமலையிலும் பலர் எண்ணிக்கொள்கிறார்கள். உடல் பழகியதாயின் அது அந்த ஒருவரோடு முடிந்துவிடும். கிருமியின் எதிர்ப்போ அடுத்த கட்டிலில் இருப்பவரையும் சென்றடையும்.

வைத்தியசாலைகளில் இது நிலைபெறுவதற்குக் காரணம் இருக்கிறது. அங்கே நுண்ணுயிர்க்கொல்லிகள் மிகுதியாகப் பயன்படுவதால் மருந்துக்கு மடியும் கிருமிகள் அழிய, மடியாதவை இடம்பிடித்துப் பெருகுகின்றன. அசினெற்றோபக்ரர் போன்ற கிருமிகள் கட்டில் விளிம்பிலும் கதவுப்பிடியிலும் உலர்ந்த நிலையிற்கூட வாரக்கணக்கில் உயிர்தரிக்கும். சிறுநீர் வெளியேற நோயாளிக்குச் செருகும் குழாயின் உட்புறத்திலும் கழுவுதொட்டியின் வடிகாலிலும் கிருமிகள் வழுவழுப்பான படலமாக ஒட்டிக்கொள்ளும். 'உயிர்ப்படலம்' எனப்படும் அதனுள் மருந்தும் தொற்றுநீக்கியும் எளிதில் வேலை செய்வதில்லை. இவற்றையெல்லாம் ஒரு நோயாளியிடமிருந்து மற்றவரிடம் கொண்டுசேர்ப்பவை பெரும்பாலும் கழுவப்படாத கைகளே. மூதூரிலோ கிண்ணியாவிலோ சிகிச்சை பெற்றவர் திருகோணமலைக்கும், அங்கிருந்து கொழும்புக்கும் மாற்றப்படும்போது, அவர் உடலிலுள்ள கிருமியும் உடன் பயணிக்கக்கூடும் என்பதால், முன்னைய சிகிச்சை விபரங்களை வைத்தியரிடம் மறைக்காமற் சொல்வது மிக முக்கியம்.

இந்நிலை புதிதன்று. பெனிசிலினைச் சிதைக்கும் நொதியம், அம்மருந்து பரவலாக வழங்கப்படுவதற்கு முன்பே, 1940 இல் விபரிக்கப்பட்டது. 1959 இல் மெதிசிலின் என்ற நுண்ணுயிர்க்கொல்லி பயன்பாட்டுக்கு வந்தது. அதனை எதிர்க்கும் ஸ்ரபிலோகொக்கசு என்ற கிருமி 1961 இல் இங்கிலாந்தில் அறிவிக்கப்பட்டது.

கட்டுரைகளில் 'மருந்தெதிர்ப்பு' என்றே எழுதலாம். ஆனால் நோயாளியிடம் பேசும்போதும் விடுதிச் சுவரில் அறிவித்தல் ஒட்டும்போதும் 'மருந்துக்குக் கேட்காத கிருமி' என்பதையே நான் பரிந்துரைப்பேன். "வருத்தம் மருந்துக்குக் கேட்குதில்லை" என்பது நம் வீடுகளில் வழங்கும் பேச்சு. அதில் வருத்தம் இருந்த இடத்திற் கிருமியை வைத்தால், கேட்காதது எது என்பது எவருக்கும் விளங்கும்.

'பன்மருந்தெதிர்ப்பு' என்பதையும் உடன் அறிந்துகொள்ள வேண்டும். மூன்று அல்லது அதற்கு மேற்பட்ட மருந்து வகுப்புகளில், ஒவ்வொன்றிலும் குறைந்தது ஒரு மருந்தையாவது எதிர்க்கும் கிருமிக்கே அது பொருந்தும். ஒரேயொரு மருந்துக்குக் கேட்காத கிருமியை அப்பெயரால் அழைப்பது பிழை.